லாஸ் வேகாஸ்: கண்ணுக்கு ஸ்ட்ரிப், வயிற்றுக்கு ஃப்ரீமான்ட்

படங்களில் லாஸ் வேகாஸ் என்று பார்ப்பதில் பெரும்பகுதி லாஸ் வேகாஸ் மாநகராட்சி எல்லைக்குள்ளேயே வராது. பெல்லாஜியோ, சீசர்ஸ் பேலஸ், எம்ஜிஎம் கிராண்ட் போன்ற பெரிய சூதாட்ட விடுதிகள் எல்லாம் அதற்குத் தெற்கே பாரடைஸ் என்ற பகுதியில் நிற்கின்றன. அவை வரிசையாக நிற்கும், சுமார் 6.8 கிலோமீட்டர் நீளும் சாலைதான் ஸ்ட்ரிப். பழைய ஊர் வடக்கே, ஃப்ரீமான்ட் தெருவைச் சுற்றி இருக்கிறது. அதை டவுன்டவுன் என்பார்கள். 1906இல் திறந்த கோல்டன் கேட் ஹோட்டல் இன்னமும் அங்கே நடக்கிறது. கையைக் கடிக்காமல் சுற்றிப் பார்த்துச் சாப்பிட்டுத் திரும்ப நினைப்பவர் இந்த இரண்டில் எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது?

பார்ப்பதற்கு ஸ்ட்ரிப்தான், இதில் போட்டியே இல்லை. அதிலும் நல்லவை பல இலவசம். பெல்லாஜியோ நீரூற்று பிற்பகலில் அரை மணிக்கு ஒரு முறையும் இரவில் கால் மணிக்கு ஒரு முறையும் நள்ளிரவு வரை ஆடும். காற்று பலமாக அடித்தால் முன்னறிவிப்பின்றி நிறுத்திவிடுவார்கள். ஆகவே அதைக் கடைசி இரவுக்கு ஒத்திப்போட வேண்டாம். அதே ஹோட்டலுக்குள் இருக்கும் மலர்க்கூடம் ஆண்டுக்கு ஐந்து முறை அலங்காரம் மாறும். மாற்றும் நாட்களில் மூடியிருக்கும் என்பதால் தேதியைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஃபிளமிங்கோ ஹோட்டல் தோட்டத்தில் பூநாரைகளைக் காசில்லாமல் பார்க்கலாம். 2023இல் திறந்த ஸ்ஃபியர் என்ற கோள வடிவ அரங்குக்கு உள்ளே போகத்தான் டிக்கெட் விலை கசக்கும். 112 மீட்டர் உயரத்துக்கு வெளிப்புறம் முழுவதும் எரியும் ஒளிப்படங்களைத் தெருவில் நின்றே பார்த்துவிடலாம்.

பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். மிராஜ் ஹோட்டலின் எரிமலை இப்போது இல்லை. அந்த ஹோட்டலே 2024 ஜூலையில் மூடப்பட்டது. டிராபிகானாவை அதே ஆண்டு அக்டோபரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். ட்ரெஷர் ஐலண்டின் கப்பல் காட்சி நின்று பத்தாண்டுக்கு மேல் ஆகிறது.

ஸ்ட்ரிப்பில் காசுக்குப் பதில் கால்கள் விலை கொடுக்கின்றன. கட்டடங்கள் பிரமாண்டமாக இருப்பதால் அடுத்த ஹோட்டல் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் தெரியும்; நடந்தால் இருபது நிமிடம் ஆகும். பல சந்திப்புகளில் சாலையை நேராகக் கடக்க முடியாது, மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். அந்தப் பாலங்களில் நின்று படம் எடுக்காதீர்கள். 2024 ஜனவரியில் இப்பகுதியின் மாவட்ட நிர்வாகமான கிளார்க் கவுன்டி கொண்டுவந்த விதிப்படி பாதசாரிப் பாலத்தில் நிற்பதே குற்றம். 1,000 டாலர் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். கோடையில் பகல் வெயில் 40 டிகிரி செல்சியஸை எளிதாகத் தாண்டும் (2024 ஜூலை 7 அன்று 48.9 டிகிரி பதிவானது). காற்றில் ஈரமில்லாததால் வியர்ப்பதே தெரியாது, தண்ணீர் குறைவதும் தெரியாது. மாண்டலே பே, லக்சர், எக்ஸ்காலிபர் மூன்றையும் இணைக்கும் டிராமும், பெல்லாஜியோவிலிருந்து பார்க் எம்ஜிஎம் வரை ஓடும் டிராமும் இலவசம். வெயில் நேரத்தில் இவற்றை மனதில் வைத்து நடைவழியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

டவுன்டவுனைப் பார்த்து முடிக்க ஒரு மாலை போதும். ஃப்ரீமான்ட் தெருவின் ஒரு பகுதிக்குக் கூரை போட்டு, சுமார் 420 மீட்டர் தூரத்துக்கு எல்இடி திரை வைத்திருக்கிறார்கள். மாலையிலிருந்து மணிக்கு ஒரு காட்சி. கோல்டன் நகெட்டில் 27 கிலோ எடையுள்ள இயற்கைத் தங்கக்கட்டி காட்சிக்கு இருக்கிறது. மெயின் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் ஹோட்டலின் ஆண்கள் கழிப்பறையில் பெர்லின் சுவரின் துண்டு ஒன்று பதித்திருக்கிறது. அதை ஏன் அங்கே வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். வேகாஸில் அப்படிக் கேட்கக் கூடாது. பணம் கொடுத்துப் பார்க்க ஒன்றே ஒன்று என்றால் மாப் மியூசியம். 1933இல் கட்டிய பழைய நீதிமன்றக் கட்டடத்தில் மாஃபியாவின் கதையைச் சொல்கிறது. அரை நாள் ஒதுக்கலாம்.

சாப்பாட்டில் கணக்கு தலைகீழ். 1940களில் எல் ராஞ்சோ விடுதி ஒரு டாலருக்கு வயிறு நிறையப் பஃபே போட்டது, சூதாடுபவர் எழுந்து போய்விடக் கூடாது என்பதற்காக. மலிவுச் சாப்பாடு என்றுமே தூண்டில் புழுதான். இன்றைக்கு ஸ்ட்ரிப்பின் பெரிய விடுதிகளுக்குச் சூதாட்டத்தைவிட அறையும் உணவும் மேடைக் காட்சிகளும்தான் அதிகம் சம்பாதித்துத் தருகின்றன. அதனால் அங்கே புழுவையே விற்கிறார்கள். கொரோனாவுக்குப் பின் பல பஃபேக்கள் திறக்கவே இல்லை. மிஞ்சியவற்றில் பெயர்பெற்ற சீசர்ஸின் பாக்கனல் பஃபேயில் இரவுச் சாப்பாடு ஆளுக்கு 80 டாலரைத் தாண்டும். டவுன்டவுன் இன்னமும் ஆட்ட மேசையை நம்பிப் பிழைப்பதால் அங்கே தூண்டில் கொஞ்சம் உயிரோடு இருக்கிறது. ஹவாய் தீவினர் கூடும் கலிபோர்னியா ஹோட்டலில் மார்க்கெட் ஸ்ட்ரீட் கஃபேயின் மாட்டுவால் சூப், மாடியில் அலோஹா ஸ்பெஷாலிட்டீஸின் சோறும் நூடுல்ஸும், டி ஹோட்டலில் கோனி ஹாட் டாக் என்று சுமாரான காசில் வயிறு நிறையும்.

ஸ்ட்ரிப்பிலும் வழி இல்லாமல் இல்லை. காஸ்மோபாலிட்டன் ஹோட்டலின் மூன்றாம் தளத்தில் பெயர்ப்பலகையே இல்லாத ஒரு பீட்சா கடை இருக்கிறது. ஒடுங்கிய நடைவழியில் நீளும் வரிசைதான் அடையாளம். என்கோர் ஹோட்டல் பக்கம் டாக்கோஸ் எல் கோர்டோ என்ற மெக்சிகோ பாணி டாக்கோ கடை. ரிசார்ட்ஸ் வேர்ல்ட் ஹோட்டலில் சிங்கப்பூர் பாணிக் கடைகள் கொண்ட ஃபுட் கோர்ட். தண்ணீரை ஹோட்டல் கடையில் வாங்காமல் சிவிஎஸ், வால்கிரீன்ஸ் போன்ற மருந்துக்கடைகளில் வாங்குங்கள். அறையிலுள்ள மினிபாரில் பொருளை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தாலே பில்லில் ஏறும்படி சென்சார் வைத்திருக்கும் ஹோட்டல்கள் உண்டு.

இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒரு இடத்தைச் சொல்வதானால் ஸ்பிரிங் மவுன்டன் சாலைச் சைனாடவுன். ஸ்ட்ரிப்பிலிருந்து மேற்கே சிறிது தூரம். வியட்நாம், கொரியா, தாய்லாந்து, சீனக் கடைகள் உள்ளூர்க்காரர்களுக்காக நடப்பதால் விலையும் அதற்கேற்றபடி இருக்கும். சைவக்காரர்கள் டோஃபு என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து ஆர்டர் செய்யக் கூடாது; சூப்பில் எலும்புச் சாறும் குழம்பில் மீன் சாஸும் இருக்கும். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். டாக்கோ கடை பீன்ஸிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம்.

மெனுவில் காணும் விலையோடு முடியாது. 20 டாலர் சாப்பாட்டுக்கு 8.375 சதவீத விற்பனை வரி 1.68, மேசையில் பரிமாறினால் 18 சதவீத டிப்ஸ் 3.60, ஆகமொத்தம் 25.28 டாலர். ஃபுட் கோர்ட்டில் டிப்ஸ் கட்டாயமில்லை. ஸ்ட்ரிப்பின் சில கடைகள் தனியாகச் சில சதவீதம் ‘சிஎன்எஃப்’ (CNF) என்ற கூடுதல் கட்டணமும் போடும். பில்லில் தேடிப் பார்த்துக் கேட்டால் நீக்கிவிடுவதும் உண்டு.

இரண்டு பகுதிகளுக்கும் நடுவே டியூஸ் என்ற மாடிப் பேருந்து இரவு பகலாக ஓடுகிறது. 2 மணி நேரச் சீட்டு 6 டாலர், 24 மணி நேரச் சீட்டு 8 டாலர். போக வர இரண்டு தடவை ஏறினாலே இரண்டாவதுதான் லாபம். பேருந்தில் சில்லறை தரமாட்டார்கள், சரியான தொகை வேண்டும். மாலை நெரிசலில் பெல்லாஜியோவிலிருந்து ஃப்ரீமான்ட் போக ஒரு மணி நேரம்கூட ஆகலாம். மோனோரயில் ஸ்ட்ரிப்பின் கிழக்குப் பக்கம் ஓடி, வடக்கே சகாரா ஹோட்டலோடு நின்றுவிடும். டவுன்டவுனுக்கும் போகாது, விமான நிலையத்துக்கும் போகாது.

அறை வாடகையில் டவுன்டவுன் பெரும்பாலும் மலிவு. வாடகைக்கு மேல் ஹோட்டல் கட்டாயமாக வாங்கும் ரிசார்ட் கட்டணம் இரண்டு பக்கமும் உண்டு. 2025 மே முதல் அதையும் சேர்த்தே விலை காட்ட வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசு விதி வைத்திருப்பதால் இப்போது ஒப்பிடுவது எளிது. ஞாயிறு முதல் வியாழன் வரை தங்கினால் வெள்ளி, சனியைவிட நன்றாகக் குறையும். ஜனவரியில் சிஇஎஸ் என்ற மின்னணுப் பொருள் கண்காட்சி வாரத்தையும், நவம்பரில் ஃபார்முலா 1 பந்தய வாரத்தையும் தவிருங்கள்.

குழந்தைகளோடு போனால் ஸ்ட்ரிப்பின் தெற்கு முனையில் தங்குங்கள். டவுன்டவுனில் சர்க்கா ஹோட்டலுக்குள் 21 வயதுக்குக் கீழ் யாரும் நுழையவே முடியாது, ஃப்ரீமான்ட் தெருவில் இரவு ஏற ஏறக் குடியும் கூத்தும் கூடும். பெரியவர்கள் மட்டும் என்றால் டவுன்டவுனில் அறை போட்டு, பகலில் ஒருமுறை 24 மணி நேரச் சீட்டோடு ஸ்ட்ரிப் போய், நள்ளிரவு நீரூற்று பார்த்துத் திரும்புவது சிக்கனம். அறை எடுக்கும்போது ஃப்ரீமான்ட் தெருவை நோக்காத பின்பக்க அறை வேண்டும் என்று கேளுங்கள். கூரைக்கு அடியில் மேடைக் கச்சேரி நள்ளிரவு தாண்டியும் நடக்கும், ஜன்னல் கண்ணாடி அதைத் தடுக்காது.