சேலம் – சென்னை ட்ரூஜெட்: ஒரு பழைய பயணியின் மதிப்புரை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் எனக்கு. சென்னை சவுகார்பேட்டைக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும். ராத்திரி ரயிலே கதி என்று இருந்த எங்களுக்கு 2018 மார்ச்சில் வந்தது ட்ரூஜெட். ஐதராபாத் விமான நிறுவனம், 2015-ல்தான் பறக்கவே தொடங்கியது. கிங்ஃபிஷர் விமானம் வந்து நின்றுபோனதைப் பார்த்த ஊர் இது, அதனால் எத்தனை நாளைக்கோ என்றுதான் பலரும் பேசினார்கள்.

சின்ன ஊர்களுக்கும் மலிவாக விமானம் விட மத்திய அரசு கொண்டுவந்த உடான் திட்டத்தில், அப்போது பாதி சீட்டுகளுக்கு ஒரு மணி நேரப் பயணம் 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு இருந்தது. முந்திக்கொண்டால் கிடைத்தது. விமானம் ஏடிஆர் 72, இரண்டு காற்றாடி வைத்தது. ஏறுவது பின்பக்கக் கதவு வழியாக. கதவே கீழே விரிந்து படியாகிவிடும். முன்னால் சரக்கு வைக்கிற இடம் என்பதால் இப்படி. இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே எதுவும் மறைக்காது. சென்னை போகும்போது வலது ஜன்னலோர எஃப் சீட் கேட்டு வாங்குவேன், சேர்வராயன் மலை அந்தப் பக்கம்தான். காற்றாடிக்கு நேராக உட்கார்ந்தால் மட்டும் இரைச்சல் தாங்காது, பின்வரிசைக்குப் போய்விடுங்கள்.



2022-ல் ட்ரூஜெட் மொத்தமாக நின்றது. 2023 அக்டோபரில் இண்டிகோவும் அலையன்ஸ் ஏரும் சேலத்துக்கு வந்தன. அதே ஏடிஆர்தான். என் மார்க் இன்னும் ட்ரூஜெட்டுக்கே, ஐந்துக்கு நாலு.