விண்டோஸ் இல்லாமலே பயாஸ் அப்டேட்: எஃப்டபிள்யூஅப்டி எப்படி இருக்கிறது?

லேப்டாப்பில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் ஏதோ ஒன்று மட்டும் முரண்டு பிடிக்கிறது என்பார்கள். மூடி வைத்த லேப்டாப் பைக்குள்ளேயே சூடாகி பேட்டரி காலியாகிவிடும், கைரேகை சென்சார் ஒன்று இருப்பதே சிஸ்டத்துக்குத் தெரியாது, டாக்கில் (மானிட்டர், கீபோர்டு எல்லாவற்றையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) செருகிய மானிட்டர் ஒருதரம் வரும் மறுதரம் வராது. உடனே எல்லோரும் டிரைவரையும், லினக்ஸின் மையமான கெர்னலையும்தான் திட்டுகிறார்கள். பல நேரம் கோளாறு அங்கே இல்லை, அதற்கும் கீழே, சிப்புக்குள் எழுதி வைத்திருக்கும் ஃபர்ம்வேரில் இருக்கிறது. அந்த ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கிற எஃப்டபிள்யூஅப்டி (fwupd) என்ற கருவியையும், அதற்குக் கோப்புகளைக் கொடுக்கும் எல்விஎஃப்எஸ் (LVFS) என்ற சேவையையும் பற்றித்தான் இந்த விமர்சனம். டெஸ்க்டாப் தோற்றத்துக்கும் தீமுக்கும் கிடைக்கிற பாராட்டில் கால்வாசிகூட இதற்குக் கிடைப்பதில்லை, அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், பலரும் குழம்புவது இதில்தான். ஃபர்ம்வேர் இரண்டு விதம். வைஃபை, புளூடூத், கிராஃபிக்ஸ் சிப் போன்றவற்றில் பெரும்பாலானவை தங்கள் ஃபர்ம்வேரை நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை, கணினி கிளம்பும் ஒவ்வொரு முறையும் கெர்னல்தான் டிஸ்க்கிலிருந்து எடுத்து அவற்றுக்கு ஊட்ட வேண்டும். அந்தக் கோப்புகள் லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற தொகுப்பில் வருகின்றன. கோப்பு இல்லாவிட்டால் டிமெஸ்ஜி (கெர்னலின் பதிவுகளைக் காட்டும் கட்டளை) வெளியீட்டில் ஃபர்ம்வேர் லோட் தோல்வி, எரர் மைனஸ் 2 என்று ஒரு வரி இருக்கும். மைனஸ் 2 என்றால் கோப்பே கிடைக்கவில்லை என்று அர்த்தம், வேறு எதையும் நோண்ட வேண்டாம், அந்த பேக்கேஜைப் போட்டால் போதும். 2023-இல் வந்த டெபியன் 12 என்ற டிஸ்ட்ரோ (லினக்ஸின் பல வகைகளில் ஒன்று) இந்தக் கோப்புகளைத் தன் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரிலேயே சேர்த்துக்கொண்டது. அதற்கு முன்பு வைஃபைக்காகத் தனி யூஎஸ்பியில் ஃபர்ம்வேரைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

இன்னொரு விதம், சிப்போடு இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்திலேயே எழுதப்பட்டுவிடுவது. கணினியைக் கிளப்பும் பயாஸ், எஸ்எஸ்டி, தண்டர்போல்ட் கண்ட்ரோலர், கைரேகை சென்சார், டாக் எல்லாம் இந்த ரகம். டிஸ்ட்ரோவை மாற்றினாலும் கெர்னலை மாற்றினாலும் இதில் இருக்கும் பழைய கோளாறு அப்படியே இருக்கும். எஃப்டபிள்யூஅப்டி கவனிப்பது இந்த இரண்டாவது ரகத்தைத்தான்.

இது வருவதற்கு முன்பு பயாஸ் அப்டேட் வேண்டுமென்றால் தயாரிப்பாளர் தளத்தில் விண்டோஸில் மட்டும் ஓடும் கோப்பு ஒன்று கிடைக்கும், அதற்காகவே டிஸ்க்கில் ஒரு மூலையில் விண்டோஸை விட்டு வைத்தவர்கள் உண்டு, ஃப்ரீடாஸ் என்ற டாஸ் வகை இயங்குதளம் போட்ட யூஎஸ்பியில் பூட் செய்து மன்றாடியவர்களும் உண்டு. ரெட் ஹேட்டில் வேலை பார்க்கும் ரிச்சர்ட் ஹியூஸ் எழுதிய எஃப்டபிள்யூஅப்டி 2015-இல் வெளிவந்தது. முதலில் கைகொடுத்த பெரிய தயாரிப்பாளர் டெல். 2018-இல் லெனோவோ சேர்ந்தது, 2019-இல் எல்விஎஃப்எஸ் லினக்ஸ் ஃபவுண்டேஷன் திட்டமானது. ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் தனித்தனியாகத் தயாரிப்பாளர்களின் கதவைத் தட்ட வேண்டிய தேவை இதனால் போயிற்று. நிறுவனம் ஒரே இடத்தில் ஏற்றினால் உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் எதுவானாலும் வந்து சேர்ந்துவிடும். ஆக, இன்ன டிஸ்ட்ரோ போட்டால்தான் லேப்டாப் சரியாக வேலை செய்யும் என்கிற சண்டையில் பாதிக்கு இங்கே வேலையே இல்லை.

சரி, பயன்படுத்துவது எப்படி இருக்கிறது? பெரிய டிஸ்ட்ரோக்களில் ஏற்கெனவே நிறுவப்பட்டே வரும். க்னோம் சாஃப்ட்வேரையோ கேடிஇ டிஸ்கவரையோ திறந்தால் மற்ற மென்பொருள் அப்டேட்டுகளுக்குப் பக்கத்திலேயே பயாஸ் அப்டேட்டும் வரிசையில் நிற்கும். எனக்கு டெர்மினல்தான் பிடிக்கும், அதில் விவரம் அதிகம். fwupdmgr என்ற கட்டளையோடு கெட்-டிவைசஸ் (get-devices) என்று கேட்டால் லேப்டாப்புக்குள் இருப்பதையெல்லாம் கிளை கிளையாகப் பிரித்துக் காட்டும், ஒவ்வொன்றின் கீழும் தயாரிப்பாளர் யார், இப்போது என்ன வெர்ஷன், இதைப் புதுப்பிக்க முடியுமா, முடியாதென்றால் ஏன் என்பது வரை இருக்கும். வாங்கி வருடக்கணக்கான லேப்டாப்பிலும் இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது, அட, இதுவும் உள்ளே இருக்கிறதா என்று தோன்றும். அப்புறம் ரெஃப்ரெஷ், கெட்-அப்டேட்ஸ், அப்டேட். அவ்வளவுதான் கட்டளைகள்.

அப்டேட் என்று கொடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஓடிவிடாது. சார்ஜர் செருகியிருக்க வேண்டும், வேலை நடக்கும்போது அணைக்கவோ சார்ஜரைப் பிடுங்கவோ கூடாது என்று ஒரு பெட்டி கட்டி எச்சரித்துவிட்டு, நீங்கள் ஒய் என்று சொன்ன பிறகுதான் இறங்கும். பயாஸாக இருந்தால் ரீஸ்டார்ட் கேட்கும். திரை கறுத்து, தயாரிப்பாளர் லோகோவும் அதன் கீழே ஒரு கோடும் வரும். கோடு நகர்ந்துகொண்டிருக்கும்போதே சில லேப்டாப்களில் ஃபேன் முழு வேகத்தில் இரையும், தானாக அணைந்து மறுபடி கிளம்பும், இன்னொரு கோடு முதலிலிருந்து ஓடும், ஏனென்றால் பயாஸோடு சேர்த்து கீபோர்டையும் சார்ஜையும் பார்த்துக்கொள்ளும் எம்பெடட் கண்ட்ரோலருக்கும் புது ஃபர்ம்வேர் எழுதப்படலாம். முதல்முறை பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருங்கள், பவர் பட்டன் பக்கமே போக வேண்டாம். முடிந்ததும், வெற்றியா தோல்வியா என்ற தகவலை எல்விஎஃப்எஸ்-க்கு அனுப்பலாமா என்று கேட்கும், சம்மதித்தால் மட்டுமே அனுப்பும். நான் அனுப்பிவிடுவேன், தோல்விகள் தயாரிப்பாளர் கண்ணில் படுவதற்கு அதுதான் வழி.

பலன் என்ன என்று கேட்டால், மூன்று இடங்களில் வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது.

முதலாவது ஸ்லீப். பழைய லேப்டாப்களில் மூடியதும் எஸ்3 என்ற ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும், ரேமைத் தவிர ஏறக்குறைய எல்லாம் அணைந்துவிடும். புதியவற்றில் பலவும் எஸ்2ஐடில் என்ற அரைத்தூக்கத்தை நம்பி வருகின்றன. அதில் ஒரே ஒரு சிப் தூங்க மறுத்தாலும் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். 2018-இல் வந்த திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் 6-ஆம் தலைமுறையில் எஸ்3 வசதியே இல்லாமல் வந்தது, பயனர்கள் பயாஸ் தரும் ஏசிபிஐ அட்டவணையை (பவர் விவரங்கள் இருக்கும் இடம்)த் தாங்களே திருத்தி ஓட்டினார்கள். அதே ஆண்டு லெனோவோ ஒரு பயாஸ் அப்டேட்டில் ஸ்லீப் ஸ்டேட் என்ற இடத்தில் லினக்ஸ் என்று ஒரு தேர்வைச் சேர்த்தது, பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. கெர்னலில் எத்தனை பேட்ச் போட்டாலும் இப்படி ஒரு தேர்வைக் கொண்டுவர முடியாது. உங்கள் லேப்டாப்பில் என்ன நிலைமை என்று பார்க்க, சிஸ் கோப்பகத்தில் பவர் என்பதற்குள் மெம்_ஸ்லீப் (/sys/power/mem_sleep) என்ற கோப்பு இருக்கும். அதில் டீப் என்ற சொல் இருந்தால் எஸ்3 உண்டு, எஸ்2ஐடில் மட்டும் இருந்தால் இல்லை.

இரண்டாவது கைரேகை. லினக்ஸின் கைரேகை நூலகமான லிப்எஃப்பிரிண்டில் டிரைவர் இருந்தும், சென்சாருக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் பழையதாக இருந்தால் பதிவே ஆகாத சினாப்டிக்ஸ் சென்சார்கள் உண்டு. எல்விஎஃப்எஸ்-இலிருந்து புது ஃபர்ம்வேர் ஏறிய பிறகுதான் விரலை அடையாளம் காண ஆரம்பிக்கும். இது தெரியாமல் சென்சாரே லினக்ஸில் ஓடாது என்று முடிவு கட்டிவிட்டவர்கள் ஏராளம்.

மூன்றாவது டாக். நான் பயன்படுத்தும் டாக் (எந்த நிறுவனம் என்பது வேண்டாம்) லேப்டாப் தூங்கி எழுந்ததும் மானிட்டரை மறந்துவிடும், கேபிளைக் கழற்றி மாட்டினால்தான் படம் வரும். கெர்னல் மாற்றினேன், திரையில் படம் காட்டும் அமைப்பையும் வேலாண்டிலிருந்து எக்ஸ்11-க்கு மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. எஃப்டபிள்யூஅப்டி பட்டியலில் டாக்குக்குப் புது வெர்ஷன் வந்தது, ஏற்றினேன், அன்றோடு அந்தத் தொல்லை விட்டது. அந்த வெர்ஷனின் குறிப்பில் ‘நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது’ என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் இல்லை.

அந்த ஒற்றை வரிதான் எனக்கு இதில் பெரிய எரிச்சல். எது சரியானது, எந்தப் பாதுகாப்பு ஓட்டை அடைபட்டது என்று விரிவாக எழுத எல்விஎஃப்எஸ் இடம் கொடுக்கிறது, பல தயாரிப்பாளர்கள் ஒப்புக்கு ஒரு வாக்கியம் போட்டுவிட்டுப் போகிறார்கள். பயாஸில் கை வைக்கச் சொல்கிறவர்கள் எதற்காக என்று சொல்ல வேண்டாமா? இன்னும் மோசம், இந்தச் சேவையில் சேரவே சேராத நிறுவனங்களும், விலை உயர்ந்த வரிசைக்கு மட்டும் ஃபர்ம்வேர் ஏற்றிவிட்டு மலிவான மாடல்களைக் கண்டுகொள்ளாத நிறுவனங்களும். இதில் கருவியைக் குறை சொல்ல முடியாது, ஆனால் உங்கள் லேப்டாப் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் இந்த விமர்சனத்தில் பாதி உங்களுக்குப் பயன்படாது.

கருவியிலும் முட்டுக்கட்டைகள் உண்டு. பழைய லெகசி பயாஸ் முறையில் லினக்ஸ் நிறுவியிருந்தால் யூஇஎஃப்ஐ (பயாஸின் இன்றைய வடிவம்) ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க முடியாது என்று கையை விரித்துவிடும். பயாஸ் அமைப்பில் கேப்சூல் அப்டேட் (இயங்குதளத்திலிருந்தே பயாஸைப் புதுப்பிக்க விடும் வசதி) என்பது அணைந்திருந்தாலும் அதே கதைதான், சில லேப்டாப்களில் அது விண்டோஸ் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் அப்டேட் என்ற பெயரில் ஒளிந்திருப்பதால் லினக்ஸ்காரர்கள் தேவையில்லை என்று நினைத்து அணைத்து வைத்திருப்பார்கள். விண்டோஸோடு சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு ஈஎஸ்பி (பூட் கோப்புகள் இருக்கும் டிஸ்க் பகுதி) பிரச்சினை தரும். விண்டோஸ் அதை வழக்கமாக 100 எம்பி அளவில்தான் உருவாக்குகிறது, புது பயாஸ் கோப்புகள் பெரிதாகிக்கொண்டே போவதால் இடம் போதவில்லை என்று நின்றுவிடும். அப்புறம் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து திறவுகோலை, சாவிகளைக் காக்கும் டிபிஎம் சிப்போடு கட்டி வைத்திருப்பவர்கள் கவனம்: பயாஸ் மாறினால் டிபிஎம் பார்க்கும் அளவுகள் மாறிவிடும், அடுத்த பூட்டில் மீட்புத் திறவுகோல் கேட்கும். விண்டோஸின் டிஸ்க் என்கிரிப்ஷனான பிட்லாக்கருக்கும் இது பொருந்தும். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

பாதுகாப்பு பக்கத்தையும் சொல்லியே ஆக வேண்டும். 2016-இல் மவுஸ்ஜாக் என்ற ஓட்டை வெளியானது, கம்பியில்லா மவுஸின் யூஎஸ்பி ரிசீவர் வழியாகத் தூரத்திலிருந்தே கீபோர்டில் தட்டுவதுபோல எழுத்துகளை அனுப்ப முடியும் என்று காட்டினார்கள். லாஜிடெக் ரிசீவருக்கான திருத்தத்தை லினக்ஸிலிருந்தே ஏற்ற வழி செய்தது எஃப்டபிள்யூஅப்டிதான். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் கிளம்ப விடும் செக்யூர் பூட்டில் மைக்ரோசாஃப்ட்டின் 2011 சான்றிதழ்களுக்கு 2026 ஜூன் முதல் காலாவதி தொடங்குகிறது. அவற்றின் இடத்தில் வரும் 2023 சான்றிதழ்களும் இதே வழியாகத்தான் பல லேப்டாப்களுக்கு வருகின்றன, ஆகவே பயாஸ் அப்டேட்டே எனக்கு வேண்டாம் என்று இருப்பவர்கள்கூட எஃப்டபிள்யூஅப்டியின் அப்டேட் பட்டியலை ஒருமுறை பார்ப்பது நல்லது.

இதனால் ஆகாதவையும் உண்டு. என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவரோடு செக்யூர் பூட் மல்லுக்கட்டினால் அதற்கு மோக் சாவியை (செக்யூர் பூட் நம்புவதற்காக நீங்களே சேர்க்கும் சாவி) பதிந்துதான் தீர்வு. இன்டெல்லின் ஐபியூ6 கேமரா தெரியாவிட்டால் புதிய கெர்னலும் லிப்கேமராவும் வேண்டும். ரெய்டு முறையில் இருக்கும் எஸ்எஸ்டி இன்ஸ்டாலருக்குத் தெரியாமல் போனால் பயாஸில் போய் ஏஹெச்சிஐ என்று மாற்ற வேண்டும், அதுவும் விண்டோஸ் உள்ளே இருந்தால் அதைத் தயார்ப்படுத்திய பிறகு. இவற்றுக்கெல்லாம் எஃப்டபிள்யூஅப்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

புது லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை இது. ப்ராசஸர் எத்தனை கோர் என்று பார்ப்பதற்கு முன் மாடல் பெயரை எல்விஎஃப்எஸ்-இன் சாதனப் பட்டியலில் தேடுங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது, கடைசி ஃபர்ம்வேர் எப்போது ஏற்றப்பட்டது என்று தேதியையும் பாருங்கள், ஒரே ஒரு வெர்ஷனைப் போட்டுவிட்டு மறந்துபோன மாடல்கள் நிறைய. பழைய லேப்டாப்பைக் கைமாற்றி வாங்குவதாக இருந்தால் ஃபெடோரா அல்லது உபுண்டு லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, எதையும் நிறுவாமலே கெட்-டிவைசஸ் கொடுத்துப் பாருங்கள். பயாஸ் என்கிற வரிக்குக் கீழே புதுப்பிக்கலாம் என்று இருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.