பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய்: புல்லட் ரயிலா, இரவு வண்டியா, விமானமா?

சீனாவுக்குத் தனியாகக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பெய்ஜிங், ஷாங்காய் இரண்டையும் ஒரே மூச்சில் பார்த்துவிட நினைப்பார்கள். நடுவில் ரயில் பாதை 1,318 கிலோமீட்டர். பயண நேரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவோம். வெளிநாட்டுக்காரருக்கு நேரம் கரைவது வாசலில்தான்.

விமானம் சுமார் இரண்டேகால் மணி நேரம். அதோடு விமான நிலையம் போய்ச் சேரும் நேரம், சோதனை, காத்திருப்பு. அப்புறம் பவர் பேங்க். 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் அந்நாட்டுப் பாதுகாப்புத் தரச் சான்றான ‘3சி’ முத்திரை இல்லாத பவர் பேங்குக்கு அனுமதி இல்லை. நம்மூரில் வாங்கியதில் அது இருந்தால் அதிசயம். பணம், வரைபடம், மொழிபெயர்ப்பு எல்லாம் போனுக்குள் இருக்கும் நாட்டில் பவர் பேங்கைப் பறிகொடுத்துவிட்டு இறங்குவது சின்ன விஷயமா? ஷாங்காயில் இறங்கிய கையோடு வெளிநாட்டு விமானம் பிடிக்க வேண்டும் என்றால் மட்டும் விமானம் சரி.

புல்லட் ரயில் 2011இல் திறந்த பாதையில், மணிக்கு 350 கிலோமீட்டர் வரை ஓடுகிறது. வேகமான வண்டி நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். இரண்டாம் வகுப்புக் கட்டணம் வண்டியைப் பொறுத்து ஏறக்குறைய 500 முதல் 660 யுவான். சீன ரயில்வேயின் 12306 என்ற முன்பதிவுச் செயலியில் ஆங்கிலமும் உண்டு. 15 நாள் முன்பு முன்பதிவு திறக்கும். காகித டிக்கெட் கிடையாது, பாஸ்போர்ட்தான் டிக்கெட். உள்ளூர்க்காரர் அடையாள அட்டையைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். நம் பாஸ்போர்ட்டைப் பல இயந்திரங்கள் படிக்காது. ஓரமாக ஊழியர் நிற்கும் வாயிலைத் தேடிப் போக வேண்டும். வண்டி கிளம்பச் சில நிமிடம் முன்பே வாயிலை மூடிவிடுவார்கள் என்பதால், முக்கால் மணி நேரமாவது முன்னால் போங்கள்.

பழைய இரவு வண்டி மெதுவானதுதான், சுமார் 15 மணி நேரம். ‘ஹார்டு ஸ்லீப்பர்’ 300 யுவான் போல ஆகும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மெத்தை உண்டு. நம்மூர் ஏசி த்ரீ டயர் மாதிரி எதிரும் புதிருமாக ஆறு படுக்கை. சைடு பெர்த் மட்டும் இல்லை, ஜன்னலோரம் மடக்கு இருக்கை. மேல் படுக்கையில் நிமிர்ந்து உட்கார முடியாது. பெட்டிக்குப் பெட்டி கொதிநீர்க் குழாய் இருக்கும். மாலையானால் பிளாஸ்கும் கப் நூடுல்ஸுமாக அங்கே ஒரு கூட்டம். பத்து மணிக்கு விளக்கு அணையும். ஓர் இரவு ஹோட்டல் வாடகை மிச்சம்.

முதல் தடவை போகிறவருக்கு நான் புல்லட் ரயிலையே சொல்வேன். நாள் கையில் இருந்தால் என் ஓட்டு இரவு வண்டிக்கு. ஒன்று மட்டும்: புல்லட் ரயில் பெய்ஜிங் தெற்கு நிலையத்திலிருந்து கிளம்பும், பழைய வண்டி பெய்ஜிங் நிலையத்திலிருந்து. ஏறியதும் பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள், ஷாங்காயில் வெளியே வரும்போதும் கேட்பார்கள்.