டாட்ஜ் ஓம்னி ஜிஎல்எச், 14 வருஷ அனுபவம்

ஓம்னின்னதும் நம்மாளுங்களுக்கு மாருதி வேன்தான் ஞாபகம் வரும், ஸ்கூல் பசங்கள அடைச்சுட்டுப் போகுமே அது. இது வேற ஜாதி. 1985 மாடல் டாட்ஜ் ஓம்னி ஜிஎல்எச் டர்போ, இல்லினாய் பெல்விடியர் ஃபேக்டரில செஞ்சது. நான் இருக்கறது பக்கத்துல ராக்ஃபோர்டுல, அதனால வண்டி பொறந்த ஊர விட்டுப் பெருசா எங்கயும் போகலன்னு வெச்சுக்கலாம். வாங்கி 14 வருஷம் ஆச்சு.

ஓம்னி 1978 மாடலா வந்தப்போ சாதா குடும்ப வண்டிதான், ஃப்ரண்ட் வீல் டிரைவ், பொட்டி மாதிரி உடம்பு, கைவசம் சின்ன எஞ்சின் இல்லாம ஃபோக்ஸ்வேகன்கிட்ட 1.7 லிட்டர் பிளாக் வாங்கிப் போட்டு ஓட்டுனாங்க, சொந்த 2.2 லிட்டர் எஞ்சின் 1981லதான் இதுக்குள்ள வந்துச்சு. அப்புறம் ஃபோர்டுலேந்து டாட்ஜோட தாய் கம்பெனி கிரைஸ்லருக்கு வந்த லீ ஐயாகோக்கா, ஃபோர்டுல பழக்கமான கரோல் ஷெல்பிய, அதான் கோப்ரா ஸ்போர்ட்ஸ் கார் செஞ்ச மனுஷன், இங்கயும் கூட்டிட்டு வந்தார். ஷெல்பி கை வெச்சதுதான் 1984ல வந்த ஜிஎல்எச். கோஸ் லைக் ஹெல், அதாவது பேய் மாதிரி ஓடும், அவ்ளோதான் பேருக்கு அர்த்தம்! முதல் வருஷம் 110 ஹெச்பி, அடுத்த வருஷம் டர்போ போட்டு 146. இன்னிக்கு இந்த நம்பரக் கேட்டா சிரிப்பு வரும், ஆனா வண்டி எடையே ஒரு டன்னுக்குக் கொஞ்சம்தான் மேல, அத மறந்துடாதீங்க.

ஓட்டற விஷயத்துக்கு வர்றேன். செகண்ட் கியர்ல முழுசா மிதிச்சா ஒரு நொடி ஒண்ணுமே நடக்காது, இவ்ளோதானான்னு நெனைக்கறப்போ டர்போ முழிச்சுக்கும், ஸ்டியரிங் கையிலேந்து பிடுங்கிட்டு ஒரு பக்கமா இழுக்கும், ரோட்டுல சின்னப் பள்ளம் இருந்தா அந்தப் பக்கம் தானாப் போகும். டார்க் ஸ்டியர்ம்பாங்க. ஒரு கைல காபி வெச்சுட்டு ஓட்டற வண்டி இல்ல. இதக் குறைன்னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க, எனக்கு இதுதான் புடிச்சதே.

ஸ்பீடோமீட்டர் மணிக்கு 85 மைலோட முடிஞ்சுடும். அமெரிக்கால 1979ல வந்த ரூல், அத சீக்கிரமே எடுத்துட்டாங்க, ஆனா மீட்டர் அப்படியே தங்கிடுச்சு. ஹைவேல முள்ளு கடைசிக் கோட்டத் தாண்டிப் போய் ஒளிஞ்சுக்கும், அதுக்கப்புறம் எவ்ளோ வேகம்னு நம்ம மனசாட்சிதான் சொல்லணும். 1986ல ஷெல்பி 500 வண்டி மட்டும் ஜிஎல்எச்எஸ்னு 175 ஹெச்பில போட்டார், அதுல இதே மீட்டர் மேல 135 வரைக்கும் ஸ்டிக்கர் ஒட்டி விட்டுட்டாங்க. சத்தியமா ஸ்டிக்கர்தான்.

ஒருநாள் சிக்னல்லேந்து கெளம்பறப்போ எஞ்சின் பட்டுன்னு நின்னுபோச்சு. வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வெக்கற டைமிங் பெல்ட் அறுந்துடுச்சு, மாத்தணும் மாத்தணும்னு ரெண்டு வருஷமாத் தள்ளிப்போட்ட என் சோம்பேறித்தனம். வேற எஞ்சினா இருந்தா வால்வும் பிஸ்டனும் மோதி கதை முடிஞ்சிருக்கும், இந்த 2.2ல ரெண்டும் மோதாத மாதிரி இடைவெளி விட்டிருக்காங்க. புது பெல்ட் மாட்டி மார்க் சேத்து சாவி திருகினேன், ஸ்டார்ட் ஆயிடுச்சு.

கியர் பாக்ஸ் கதைதான் எரிச்சல். சர்வீஸ் விட்ட கடைல, பேர் வேணாம், கியர் பாக்ஸ்தானேன்னு கெட்டியான ஆயில ஊத்திட்டாங்க. இதுக்கு மெல்லிசா ஏடிஎஃப்தான், அதாவது ஆட்டோமேடிக் கியருக்கு ஊத்தற ஆயில்தான் ஊத்தணும், மேனுவல் கியரா இருந்தாலும். ஜனவரி குளிர்ல காலைல ஃபர்ஸ்ட்லேந்து செகண்ட் போடறது தயிர்ல கரண்டி விட்டுக் கிண்டற மாதிரி இருந்துச்சு. நானே வடிச்சு மாத்தினப்புறம்தான் சரியாச்சு.

எஞ்சின்ல என்ன கோளாறுன்னு பாக்க ஸ்கேனர் எதுவும் வேணாம். சாவிய ஆன் ஆஃப் ஆன் ஆஃப் ஆன்னு திருகினா டேஷ்ல பவர் லாஸ் லைட் கோளாறு நம்பர மின்னிக் காட்ட ஆரம்பிக்கும், எண்ணிக்கிட்டே வரணும், 55 வந்தா லிஸ்ட் முடிஞ்சுதுன்னு அர்த்தம். என் பையன் சின்ன வயசுல பக்கத்து சீட்ல உக்காந்து இத எண்ணித்தான் எண்ணப் பழகினான்.

ஏசி இல்ல, மழைல பின்கதவு ஓரமா ஒழுகும், குளிர்காலத்துல ரோட்டுக்குப் போடற உப்பு கீழ்ப்பக்கம் எல்லாத்தையும் தின்னுடும். டிசம்பர்லேந்து மார்ச் வரைக்கும் ஷெட்ட விட்டு இப்போ எடுக்கறதே இல்ல, ஆனா எனக்கு முன்னாடி வெச்சிருந்தவர் பனிலயும் ஓட்டியிருக்கார், ஸ்ட்ரட் டவர், அதாவது சஸ்பென்ஷனோட மேல் முனை மாட்டற தகடு, அதுகிட்ட விரல் வெச்சு அழுத்தினா இப்போ உள்ள போகுது. ஏப்ரல்ல வெட்டி வெல்டிங் பண்ணணும், அதுக்குத் தகடு வாங்கி ஷெட் சுவத்துல சாத்தி வெச்சிருக்கேன்.