எல்கேஜி இன்டர்வியூவுக்கு ஃபிளாஷ் கார்டா, புளியங்கொட்டையா?

சேர்க்கைக்காகப் பிள்ளைகளை வடிகட்டக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு. ஆனாலும் "சும்மா பேசிப் பார்ப்போம்" என்ற பெயரில் பல பள்ளிகளில் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. பெயர், நிறம், வடிவம், பத்து வரை எண். பெரும்பாலும் இவ்வளவுதான் கேட்பார்கள். இதற்குப் பழக்க மகளுக்கு எது சரிப்படும் என்று வீட்டிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

ஃபிளாஷ் கார்டு வேகமானது. ஒரே வாரத்தில் பதினைந்து பழங்களின் பெயரைச் சொன்னாள். அப்புறம் பழக்கடையில் பச்சை ஆப்பிளைப் பார்த்துக் "கொய்யா" என்றாள். அட்டையில் ஆப்பிள் சிவப்புதானே! எண்ணும் அப்படித்தான். இருபது வரை பாட்டாகப் பாடுவாள்; "அஞ்சு கொட்டை எடு" என்றால் ஒரு கை அள்ளித் தருவாள்.

அங்கேதான் பல்லாங்குழி ஜெயிக்கிறது. மூன்றரை வயதுக்கு முழு ஆட்டம் பிடிபடாது. குழியில் நாலு சேர்ந்ததும் "பசு" என்று எடுப்பதெல்லாம் பிறகு. குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனால் போதும், ஒரு எண்ணுக்கு ஒரு கொட்டை என்பது கைக்குத் தெரிந்துவிடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கொட்டையை எடுக்கும் பிடிதான் நாளைக்குப் பென்சிலுக்கும். ஆனால் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 14 குழி, குழிக்கு 5 என்றால் 70 கொட்டை. முடித்ததும் எண்ணுங்கள், ஒன்று குறைந்தால் மூக்கு, காது, வாய் எல்லாம் பாருங்கள். நான் பதறிப்போய்ப் பார்த்தேன். கொட்டை சோபாவுக்கு அடியில் கிடந்தது.

செல்போன் ஆப்பில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தப்பாகத் தொட்டால் அடுத்ததைத் தொடுகிறாள், யோசிப்பதில்லை. 2 முதல் 4 வயதுக்குத் திரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. எங்கள் வீட்டில் அது கார்ட்டூனுக்கே சரியாகப் போகிறது.

இதில் எதுவுமே பழக்காத ஒன்று, முன்பின் தெரியாதவரிடம் வாய் திறப்பது. பெயர் தெரிந்த பிள்ளையும் மிஸ்ஸைப் பார்த்ததும் அம்மா முந்தானைக்குள் போய்விடும். அதற்கு என் ஓட்டு கடை விளையாட்டுக்குத்தான். இவள் கடைக்காரி, மாடி வீட்டுப் பாட்டி வாடிக்கை. "ரெண்டு சிவப்பு மூடி, ஒரு வட்ட பிஸ்கட் குடும்மா" என்றால் நிறம், வடிவம், எண் மூன்றும் ஒரே பேச்சில் வந்துவிடுகின்றன.

காசு போட்டு வாங்கிய ஃபிளாஷ் கார்டுகளை வீசிவிடவில்லை. கடையில் இப்போது அவைதான் ரூபாய் நோட்டு. யானை கொடுத்தால் மீதி ஒரு கொய்யா வரும்.