வீட்டு ரோபோவுக்கு ஏஐ மூளை: எந்த வழியில் இணைப்பது?

இரண்டு சக்கரம், இரண்டு மஞ்சள் கியர் மோட்டார், ஒரு கேமரா, மேலே ராஸ்ப்பெர்ரி பை என்ற ஒரு குட்டிக் கணினி. எங்கள் பெங்களூரு அல்சூர் வீட்டில் ஓடும் ரோபோ இவ்வளவுதான், டிபன் டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு. இதை ஒரு ஏஐ அசிஸ்டன்ட் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு, நாலு வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். கேள்விப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, எந்த ஏஐ போட்டாய், கிளாடா, ஜெமினியா, சாட்ஜிபிடியா என்று. எதைப் போட்டாலும் ஹாலில் இருந்து பால்கனிக்குப் போய்விடும், அதில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. மோட்டாரை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள், அங்கேதான் இந்த நாலு வழியும் பிரிகின்றன.

முதல் வழி சோம்பேறிகளுக்கானது, அதனால் நானும் அதில்தான் ஆரம்பித்தேன். ராஸ்ப்பெர்ரி பையின் டெர்மினலையே, அதாவது எந்தக் கட்டளையையும் தட்டி ஓட்டக்கூடிய இடத்தையே, ஏஐ கையில் கொடுத்துவிடுவது. "ஹாலுக்குப் போ" என்றால் அதுவே பைத்தான் கோட் எழுதும், அதுவே ஓட்டும், பிழை வந்தால் அதுவே திருத்தும். முதல் நாள் அசந்துபோனேன். இரண்டாம் நாள் வைஃபை ஒரு இரண்டு நிமிடம் போனது. அதற்கு முன்னால் கடைசியாகப் போயிருந்த கட்டளை 'முன்னால் போ'. அடுத்த படத்தைப் பார்த்துவிட்டு ஏஐ 'நில்' என்று சொல்லியிருக்க வேண்டும், அது வந்துசேரவே இல்லை. மோட்டாருக்குச் சைகை கொடுக்கும் பின்னை (ராஸ்ப்பெர்ரி பையின் மின் முனை) ஒருமுறை ஹையில், அதாவது ஆனில், வைத்துவிட்டால் யாராவது மாற்றும்வரை அது ஹையில்தான் இருக்கும், இல்லையா? ரோபோ நேரே சமையலறைக்குள் போய் இட்லி மாவுப் பாத்திரத்தை முட்டி, விடாமல் தள்ளிக்கொண்டே நிற்க, மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் மோட்டார் டிரைவர் போர்டு தொட முடியாத அளவுக்குச் சுட்டுவிட்டது. அம்மா கையில் கரண்டியோடு என்னைப் பார்த்தாள். "ஏண்டா, மிக்ஸிக்குக்கூட ஒரு ஸ்விட்ச் இருக்கு, இதுக்கு இல்லையா?"

இல்லைதான்.

அதைவிட வேடிக்கை அடுத்த வாரம் நடந்தது. மைக்கை எப்போதும் ஆனில் வைத்திருந்தேன். இரவு சீரியலில் ஒரு மாமியார் "இந்த வீட்டை விட்டு வெளியே போ!" என்று கத்த, எங்கள் ரோபோ மரியாதையாகத் திரும்பி வாசலைப் பார்த்துக் கிளம்பிவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது: யார் பேசினாலும், கேமரா முன்னால் யார் எதை எழுதிக் காட்டினாலும், இதற்கு எல்லாமே கட்டளை. பிராம்ப்ட் இன்ஜெக்‌ஷன் என்று 2022-இலேயே பெயர் வைத்துவிட்ட பழைய வியாதி. 2024-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரோபோபேர் என்ற முறையால், மொழி மாடல் (இந்த ஏஐ அசிஸ்டன்ட்களின் மூளை) ஓட்டும் ரோபோக்களைப் பேசியே மசியவைத்துக் காட்டினார்கள். கடையில் கிடைக்கும் யூனிட்ரீ கோ2 என்ற நாய் ரோபோவும் அதில் ஒன்று. என்னுடையது நாய் அளவுக்குக்கூட இல்லை, ஆனால் அதன் டெர்மினலில் என் வீட்டு வைஃபை, கேமரா படங்கள், ஏபிஐ கீ (ஏஐ சேவைக்கான ரகசியச் சாவி) எல்லாம் இருக்கின்றன. டெர்மினலைக் கொடுப்பது என்றால் ரோபோவை மட்டும் கொடுப்பது என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது வழி, டூல் காலிங்: நாம் எழுதிவைத்த செயல்களை மட்டும் ஏஐ கூப்பிடுவது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட, ஏஐயை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்.சி.பி என்ற முறையில் ராஸ்ப்பெர்ரி பையில் ஒரு சின்ன சர்வர் (ஏஐ கேட்பதை வாங்கிச் செய்யும் புரோகிராம்) எழுதி, அதில் ஐந்தே ஐந்து செயல்களை மட்டும் வைத்தேன்: நகர், திரும்பு, படம் எடு, பேட்டரி பார், நில். வேறு எதையும் ஏஐ கேட்கவே முடியாது, கேட்க அங்கே கதவே இல்லை. ஒரு தடவைக்கு 30 சென்டிமீட்டருக்கு மேல் நகராது, அது 3 மீட்டர் என்று கேட்டாலும் சர்வர் 30-இல் வெட்டிவிடும். இந்த எல்லை சர்வரின் புரோகிராமில் இருக்க வேண்டும். "மெதுவாகப் போ, யார் மேலும் மோதாதே" என்று ஏஐக்குக் கொடுக்கும் பிராம்ப்ட்டில் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது எல்லை ஆகாது, வேண்டுகோள். அப்புறம் ஒவ்வொரு செயலுக்கும் அனுமதி கேட்கும் வசதி. பத்து தடவை 'சரி' அழுத்தியதும் கை தானாக 'எப்போதும் அனுமதி' பக்கம் போகும். அதனால் நகர்வதற்கு அனுமதி கேட்பதை எடுத்துவிட்டு, படம் எடுப்பதற்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

ஆனால் இதுவும் தனியாகப் போதாது, ஒரு சின்னக் கணக்கு போட்டால் தெரியும். என் ரோபோ நொடிக்கு 20 சென்டிமீட்டர் ஓடும். படம் இணையம் வழியாகப் போய், ஏஐ யோசித்து, பதில் வர இரண்டு நொடி என்று வையுங்கள். அதற்குள் 40 சென்டிமீட்டர் ஓடியிருக்கும். குறுக்கே குழந்தையின் கை வந்தால் எவ்வளவு புத்திசாலி ஏஐயும் தாமதமாகத்தான் பார்க்கும். ஆகவே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போய் 500 ரூபாய்க்குள் இ.எஸ்.பி.32 என்ற ஒரு குட்டிக் கட்டுப்பாட்டு போர்டு வாங்கி, மோட்டார்களை அதன் பொறுப்பில் விட்டேன். ராஸ்ப்பெர்ரி பையிடமிருந்து அரை நொடிக்குள் 'உயிரோடு இருக்கிறேன்' என்று செய்தி வராவிட்டால் அது மோட்டாரை நிறுத்தும். முன்னால் 15 சென்டிமீட்டருக்குள் ஏதாவது இருந்தால் நிறுத்தும், கீழே தரை காணாமல் போனாலும் நிறுத்தும் (எங்கள் வாசலில் இரண்டு படி இருக்கிறது, சீரியலுக்குப் பிறகு அதைப் பற்றிக் கவலை வந்துவிட்டது). இதற்குத் தமிழும் தெரியாது இங்கிலீஷும் தெரியாது, யாரும் பேசி மயக்க முடியாது. ஒரு குறிப்பு: தூரம் அளக்க ஹெச்சி-எஸ்ஆர்04 சென்சார் போடுகிறீர்கள் என்றால் அதன் எக்கோ பின் 5 வோல்ட் தள்ளும், இந்த போர்டு 3.3 வோல்ட் ஆள், நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போடாமல் இணைக்காதீர்கள். மோட்டார் டிரைவரின் எனேபிள் பின்னிலிருந்து (மோட்டாரை ஆன் செய்யும் முனை) கிரவுண்டுக்கும் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டுவிடுங்கள், போர்டு பூட் ஆகும்போது சக்கரம் திடீரென்று துள்ளாது.

மூன்றாவது, வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்தில் இணைக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள். சாலிடரிங் அயர்ன் பிடிக்கப் பிடிக்காதவர்களுக்கு, கடையில் வாங்கிய வேக்யூம் ரோபோ வைத்திருப்பவர்களுக்கு, நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். 2024 ஜூன் வெளியீட்டிலிருந்து மொழி மாடல்கள் இதன் வழியாக வீட்டுச் சாதனங்களை இயக்கலாம், நீங்கள் பட்டியலில் டிக் செய்து வெளிக்காட்டிய சாதனங்களை மட்டும். கிளம்பு, சார்ஜருக்குப் போ மாதிரி சின்னக் கட்டளைகள்தான் முடியும், "சோபாவுக்கு அடியில் என் சாவி இருக்கிறதா பார்" என்றெல்லாம் கேட்க முடியாது. மோதல் சென்சார், படி சென்சார் எல்லாம் ரோபோவிலேயே இருப்பதால் பிரேக் பற்றிய கவலை உங்களுக்கு இல்லை. கவலை வேறு இடத்தில்: அந்தப் பட்டியலில் வேக்யூமோடு சேர்த்து வாசல் பூட்டையும் கீசரையும் டிக் செய்து வைத்துவிடாதீர்கள்.

நாலாவதாக, இணையமே வேண்டாம் என்று பழைய லேப்டாப்பில், மாடல்களைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டும் ஓலாமா என்ற மென்பொருளைப் போட்டு ஒரு சின்ன மாடலை ஓட்டினேன். இதைப் 'பாதுகாப்பான வழி' என்று பலர் சொல்வதில் பாதி உண்மை. படம் வீட்டை விட்டு வெளியே போகாது, அது பெரிய விஷயம். மற்றபடி மூளை எங்கே இருக்கிறது என்பது வேறு கேள்வி, பிரேக் எங்கே இருக்கிறது என்பது வேறு கேள்வி. வீட்டுக்குள் இருக்கும் மாடலும் மாமியார் பேச்சைக் கேட்கும், சொல்லப்போனால் சின்ன மாடல் இன்னும் சீக்கிரம் கேட்கும். தமிழில் பேசினால் திணறியது, பதிலும் ஆமை வேகம். இன்னொன்று, ஓலாமா இயல்பாக அந்த லேப்டாப்புக்குள்ளிருந்து வருவதை மட்டும்தான் கேட்கும், ரோபோ பேச வேண்டுமே என்று அதை வீட்டு நெட்வொர்க் முழுக்கத் திறந்துவிட்டால் கடவுச்சொல் எதுவும் கேட்காது. சாதனங்களுக்கு நடுவே செய்தி கடத்தும் மொஸ்கிட்டோ என்ற மென்பொருளிலும் இதே கதை. 2.0 பதிப்பிலிருந்து அதுவாகவே கதவைச் சாத்தி வைத்திருக்கிறது, நாம்தான் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து 'பெயர் தெரியாதவர்களையும் உள்ளே விடு' என்று ஒரு வரியைச் சேர்த்துத் திறக்கிறோம்.

இப்போது என் வீட்டில் ஓடுவது இரண்டாவது வழி, அடியில் இ.எஸ்.பி.32. ரோபோவுக்கென்று ரவுட்டரில் தனி கெஸ்ட் வைஃபை. பேட்டரிக்கும் மோட்டார் டிரைவருக்கும் நடுவில், எந்த புரோகிராமும் தொட முடியாத ஒரு சிவப்பு ஸ்விட்ச், அம்மாவின் மிக்ஸி கேள்விக்குப் பதில். நிறுத்தும் சொல்லையும் ஏஐயிடமிருந்து எடுத்துவிட்டேன். எங்கள் குரல்களைப் பதிவுசெய்து பழக்கிய ஒரு குட்டி மாடல் அதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. என்ன சொல் வைப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, வேலைக்கு வரும் அக்கா கன்னடத்தில் 'நில்லு' என்கிறார், அம்மா தமிழில் 'நில்லு' என்கிறாள். கிரைண்டர் ஓடும்போது மட்டும் இரண்டும் அதன் காதில் விழாது, அப்போது சிவப்பு ஸ்விட்ச்தான்.

கேமரா விவகாரம் மட்டும் முடியவில்லை. பரிசோதனையில் இருந்த ரூம்பா வேக்யூம் ரோபோக்கள் வீட்டுக்குள் எடுத்த படங்கள், ஒரு பெண் கழிப்பறையில் இருந்தது உட்பட, வெளியே கசிந்ததை எம்.ஐ.டி டெக்னாலஜி ரிவியூ 2022-இல் எழுதியதை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. அனுமதி கேட்டுத்தான் படம் எடுக்கும் என்று சர்வர் புரோகிராமைக் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து லென்ஸ் மேல் ஒட்டிவிட்டுப் போனாள். படம் வேண்டுமென்றால் இப்போது அவளிடம்தான் கேட்க வேண்டும்.