ரசம் வைக்க ஈயச் சொம்பா, இண்டாலியமா, எவர்சில்வரா?

ஈயச் சொம்பில் வைத்த ரசத்தின் மணத்துக்கு ஈடில்லை என்று சொல்லும் வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. ஆனால் ‘ஈயம்’ என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறோம். சொம்பு வார்க்க வேண்டியது வெள்ளீயம் (டின்). விலை பல மடங்கு குறைந்த காரீயமோ (லெட்) நஞ்சு. அந்த நஞ்சு எந்தப் பாத்திரத்தின் வழியாக உணவில் சேரக்கூடும் என்பதே இந்த ஒப்பீட்டின் கேள்வி.

காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கால்சியத்தைப் போலவே எலும்பில் போய்த் தங்கும் அது, கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கரைந்து கருவையும் எட்டும். ஒரே அளவு காரீயம் வயிற்றுக்குள் போனாலும், பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல் அதை நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. அறிவுத்திறன் குறைவாகவும் கவனக் குறைவாகவும் அதன் விளைவு பின்னால் வெளிப்படும்.

முதலில் ஈயச் சொம்பு. தூய வெள்ளீயமாக இருந்தால் இதில் பெரிய கவலை இல்லை. உணவோடு சிறிது கலந்தாலும் உடல் அதை மிகக் குறைவாகவே உறிஞ்சும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால்தான் புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே சொம்பை அடுப்பில் ஏற்றுகிறோம். எங்கள் வீட்டுச் சொம்பின் அடியில், வெறுமனே அடுப்பில் வைத்துவிட்ட ஒரு நாளின் அடையாளமாக, ஒரு பக்கம் உருகிக் குழிந்த தடம் இருக்கிறது. உருகினால் அசல் என்று நெடுநாள் நம்பியிருந்தேன், அது தவறு. காரீயம் கலந்த வெள்ளீயம் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே, சில கலவைகளில் 183 டிகிரியிலேயே, உருகத் தொடங்கும். காகிதத்தில் கீறிக் கறுப்புக் கோடு விழுகிறதா என்று பார்ப்பதும் போதாது, ஏனெனில் சிறிதளவு கலப்படத்தை அது காட்டாது. எக்ஸ்-கதிர் கொண்டு உலோகத்தைப் பகுக்கும் சோதனையே நம்பத்தக்கது.

ஈயம் பூசிய பித்தளைக்கும் இதே கேள்விதான்: பூசியது எந்த ஈயம்? பூச்சு தேய்ந்துவிட்டால் பித்தளையிலுள்ள தாமிரமும் புளியில் இறங்கும். பித்தளையிலேயே காரீயம் கலந்திருக்கவும் வாய்ப்புண்டு.

என் பட்டியலில் கடைசி இடம், அலுமினியக் கலவையான வார்ப்பு இண்டாலியத்துக்கு. ‘கனமான சட்டி, அடிப்பிடிக்காது’ என்று சொல்லி விற்கப்படும் இவற்றில் சில, பழைய இயந்திர உதிரிகளையும் கழிவு உலோகத்தையும் உருக்கி வார்த்தவை; அந்த உருக்கில் என்னென்ன சேர்ந்தது என்பதை விற்பவர்கூட அறியமாட்டார். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025-இல், அலுமினியம், பித்தளை, இண்டாலியம் வகை இறக்குமதிப் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்து உணவில் காரீயம் இறங்கக்கூடும் என்று எச்சரித்தது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கொதிக்கக் கொதிக்க உலோகத்தை அரிக்கும். ரசத்தைச் சட்டியிலேயே இரவு முழுக்க விட்டுவைத்தால் அரிப்பு இன்னும் கூடும். ரசத்தின் நிறமோ மணமோ சுவையோ எதையும் காட்டிக்கொடுக்காது.

எவர்சில்வரையே நான் முதலில் வைக்கிறேன். 304 என்ற தரத்தில் குரோமியம் சுமார் 18 விழுக்காடும் நிக்கல் சுமார் 8 விழுக்காடும் இருக்கும். குரோமியம் மேற்பரப்பில் உண்டாக்கும் மெல்லிய படலம் அரிப்பைத் தடுக்கிறது. புதுப் பாத்திரத்தில் புளிப்பான உணவைச் சமைக்கும்போது நிக்கல் சிறிது இறங்கினாலும், சமைக்கச் சமைக்க அது குறைந்துவிடும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மணம் வேண்டும் என்பவர்கள் நெய்யில் தாளிக்கலாம். ஈயச் சொம்பின் ருசி அப்படியே வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சோதித்து அறியாத சொம்பிலோ சட்டியிலோ பல ஆண்டுகள் சமைத்திருந்தால், குறிப்பாகக் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் உள்ள வீடுகளில், மருத்துவரிடம் கேட்டு இரத்தத்தில் காரீய அளவைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு டெசிலிட்டரில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், காரீயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து அதை நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தந்த வழிகாட்டுதல். எங்கள் சொம்பு சோதனை முடியும் வரை பரணில் இருக்கிறது.